அக்னி மூலையில் ஓர் அடுப்பு

கதவைத் திறந்தவன் தமிழில் பேசுவான் என்று வான்மதி எதிர்பார்க்கவில்லை.

"மழையில நல்லா நனைஞ்சுட்டீங்களே… உள்ள வாங்க."

அந்தக் கண்கள்… நியூ ஜெர்சியின் நவம்பர் மழையில் அவ்வளவு இதமான எதையும் அவள் பார்த்ததில்லை. சட்டென்று குனிந்து, கழுத்தில் தொங்கிய காமிராவைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் வேலை. வீட்டில் யாராவது புதிதாக ஒரு அடுப்பு வைத்தால் நேரில் போய் அளந்து, படம் எடுத்து, அறிக்கை எழுத வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டின் பாலிசி தொடரும், இல்லை நிற்கும்.

கதவைத் திறந்த இளமாறன் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குளிருக்காக ஒரு பெல்லட் ஸ்டவ் வாங்கியிருந்தான். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரித்துச் சூடு தரும் இரும்பு அடுப்பு அது. டவுன்ஷிப் அலுவலகத்தில் பர்மிட் எடுத்து, வேலை தெரிந்த ஆளை வைத்துப் பொருத்தி, அதிகாரி வந்து கையெழுத்துப் போட்ட பிறகு, இன்ஷூரன்ஸுக்கும் அவனே போன் செய்து சொல்லியிருந்தான்.

நிறையப் பேர் சொல்வதே இல்லை, பிறகு தீப்பிடித்தால் கிளெய்ம் கிடைக்காமல் அழுவார்கள் என்றாள் வான்மதி.

"மறைச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றான் அவன்.

இப்படியும் ஒருவனா… என்று அவள் மனம் ஒரு நொடி தடுமாறியது. பர்மிட் தாளைப் பார்த்தாள். வடக்குச் சுவர் என்று இருந்தது. வடக்குச் சுவரில் அடுப்பைக் காணோம்.

"ஸ்டவ் எங்க?"

"அதோ, அக்னி மூலையில" என்றான் பெருமையாக. "நெருப்பு தென்கிழக்குலதான் இருக்கணும்னு சண்முகப்ரியா சொன்னா. போன வாரம் நாலு பேர் சேர்ந்து தூக்கி வெச்சோம்."

அளவு நாடா வான்மதியின் கையில் அப்படியே நின்றது.

"சண்முகப்ரியா யாரு?"

"என் ஆபீஸ்ல வேலை பாக்குறா. அந்தக் கோலம்கூட அவ போட்டதுதான். இந்த கர்ட்டனும் அவ செலக்ட் பண்ணதுதான்."

கோலம் அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுப்பின் முதுகுக்கும் மரப்பலகைச் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடம்கூட இல்லை. புகைக்குழாயை வளைத்து ஜன்னல் வழியே விட்டிருந்தார்கள். கர்ட்டன் அதை உரசிக்கொண்டிருந்தது. இடம் மாற்றிய நாளிலேயே அதிகாரியின் கையெழுத்து செல்லாததாகிவிட்டது. இதைப் பற்ற வைக்காதீர்கள் என்ற ஒரு வாக்கியம் வான்மதியின் நாக்கு நுனிக்கு வந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான், நாளைக் காலை நல்ல நேரத்தில் அடுப்பைப் பற்ற வைக்கப்போவதாக. ப்ரியாதான் விளக்கேற்றித் தொடங்கி வைக்கிறாளாம்…

வாக்கியம் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

"ரிப்போர்ட் தபால்ல வரும்" என்று மட்டும் சொன்னாள். கார் வரை அவன் குடை பிடித்து வந்தான். குடை முழுவதும் அவள் பக்கமே சாய்ந்திருந்தது. அவன் தோள் நனைந்துகொண்டிருந்தது. அதையும் பார்க்காதவள் போல் கதவைச் சாத்தினாள்.

வழியெல்லாம் ப்ரியாதான். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அவளே நீண்ட கூந்தலும் பட்டுப்புடவையும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளே எரிந்தாள். நாற்பது நிமிடம் பார்த்த ஒருவன் மேல் எனக்கென்ன உரிமை? கேள்வி சரியாகத்தான் இருந்தது. நெஞ்சுதான் கேட்கவில்லை. இருப்பதை இருப்பதுபோலக் கடுமையாக எழுதினால் போதும், பாலிசி ரத்தாகும், வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் கேள்வி கேட்கும். அப்போது ப்ரியாவின் அக்னி மூலை வந்து காப்பாற்றட்டும்… அந்த நினைப்பு இனித்தது. பொறாமை முதலில் இனிக்கத்தான் செய்யும்.

மறுநாள் காலை குளித்துவிட்டு முருகன் படத்தின் முன் தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் எழுந்தது. அதற்குப் பின்னால் அந்தக் கர்ட்டன் தெரிந்தது.

குச்சி விரலைச் சுடும் வரை அவள் அசையவில்லை.

முருகா… தெரிந்தே சொல்லாமல் வந்துவிட்டேனே.

போன் செய்தாள். எங்கேஜ்டாகவே இருந்தது. ஈரத் தலையோடு காரை எடுத்தாள்.

வீட்டில் நண்பர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். குத்துவிளக்கு எரிந்தது. குங்குமத் தட்டோடு நின்றவளை இளமாறன் ப்ரியா என்று அழைத்தான். ஜீன்ஸ் போட்டு, கண்ணாடி அணிந்த, குட்டையான சாதாரணப் பெண். இளமாறனின் விரல் அடுப்பின் ஸ்விட்ச் மேல் இருந்தது.

"ஆன் பண்ணாதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சுவரையும் குழாயையும் காட்டி, மூச்சு வாங்க விளக்கினாள். இளமாறன் மெதுவாக விரலை எடுத்தான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேங்க…"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"மறக்கலை. தெரிஞ்சேதான் சொல்லலை." குரல் உடைந்தது. "பொறாமைங்க. யார் மேலன்னு கேக்காதீங்க."

யாரும் கேட்கவில்லை. ப்ரியாவுக்கு மட்டும் புரிந்தது. அவள் பார்வை வான்மதியிடமிருந்து இளமாறனிடம் போனது. அவன் வான்மதியைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. ப்ரியாவின் முகம் ஒரு கணம் வாடியது… அவளும் இந்த வீட்டை வைத்து ஏதோ கனவு கண்டிருப்பாள். பிறகு குங்குமத் தட்டை வான்மதியிடம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க எடுத்துக்குங்க. என் பேச்சைக் கேட்டு இந்த வீடே எரிஞ்சிருக்கும்." நண்பர்களைப் பார்த்து, "டேய், ஆளுக்கொரு கை பிடிங்கடா, பழைய இடத்துக்கே போகட்டும். சாமி கோவிச்சுக்காது" என்றாள்.

வான்மதி குங்குமம் இட்டுக்கொண்டபோது கண் நிறைந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் தட்டை நீட்டியிருப்பேனா? நேற்று முழுவதும் எரிந்த இடம், அந்த ஒரு சின்ன அன்பில் குளிர்ந்து போனது.

அடுப்பு வடக்குச் சுவருக்குப் போனது. மற்றவர்கள் பொங்கல் சாப்பிடச் சமையலறைக்குப் போனார்கள். அறிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போவதாக வான்மதி சொன்னாள். குழாயை முறைப்படி மாட்டி, அதிகாரி மறுபடி கையெழுத்துப் போடும் வரை பற்ற வைக்கக் கூடாது. அதற்கு முப்பது நாள் அவகாசம் கேட்டு வாங்கலாம்.

"அப்ப மறுபடி பாக்க நீங்கதான வருவீங்க?"

"இல்லைங்க. வேற ஆள் வருவாங்க."

அவன் முகம் தொங்கிப்போனது. "என் மேல கோவமா…"

"ஆபீஸ்ல ஒரு ரூல் இருக்கு." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மனசுக்கு வேண்டியவங்க வீட்டை நாங்க இன்ஸ்பெக்ட் பண்ணக் கூடாது."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் காது வரை சிவந்துவிட்டது.

"அப்ப… நேத்து அந்த ரூலை மீறிட்டீங்களா?"

"வரும்போது மீறலை. போகும்போதுதான்…"

இளமாறன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வீட்டைப் பாக்க வேற ஆள் வரட்டுங்க. நீங்க… இருக்கறதுக்கு வாங்க."