தர்ப்பையில் எரித்தவர்

சாய்மனைக் கதிரையின் துணி சுட்டது. இரண்டு மாதமாக அதில் ஆளில்லை. வெயிலும் அந்த மூலைக்கு எட்டாது. மடித்து வைக்கலாம் என்று தொட்ட அன்னபாக்கியம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையே காலி. ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட கையோடு சனமெல்லாம் ரயிலேறி ஊருக்கு ஓடிவிட்டது. குண்டு விழுந்த அன்று காலை துறைமுகப் பக்கம் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போன அவள் கணவர் நாகேந்திரம், அறுபத்திரண்டு வயது மனிதர், திரும்பவேயில்லை. ஆஸ்பத்திரி, பொலிஸ், பிரேத அறை என்று அலைந்து பார்த்தாயிற்று. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் அவளோடு கதைக்க ஒரு குரல் இல்லை. ஒரு பிடி சோறு வைப்பாள், அதுவும் மிஞ்சும். அதனால்தான் கணவரின் தம்பி இராசநாயகம் வந்து சொன்னபோது அவளால் மறுக்க முடியவில்லை.

"மச்சாள், உடம்பு கிடைக்காட்டி தர்ப்பையில உருவம் செய்து எரிக்கிறது வழக்கம்தானே. அந்தியேட்டிக் கிரியையை ஊருக்குப் போய்க் கீரிமலையில செய்வம். எத்தனை நாளைக்கு இங்க தனியக் கிடப்பியள்?"

"உயிரோட இருந்தால், தம்பி?"

"இருந்தால் வந்திருப்பார்தானே."

நேற்று முன்தினம் பொரளைச் சுடலையில் எரித்தார்கள். புல் உருவத்துக்குச் சுற்ற அவருடைய வேட்டியொன்றை அவளே எடுத்துக் கொடுத்தாள். தாலியையும் கழற்றினாள். காத்திருக்கப் பயந்துதான் தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரியும், அதுதான் நெஞ்சை அரித்தது.

இராசநாயகம் டிக்கெட் எடுக்கக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். பிற்பகல் மூன்று மணி. தூரத்தில் கடல் மட்டும் இரைந்தது. கருகிய புல் வாசம் வந்தது. சேலையில் ஒட்டியிருக்கிறதோ என்று முகர்ந்தாள், சேலையில் சவர்க்கார வாசம்தான், ஆனால் இது அறையிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து பின்கதவுக்குமாக, யாரோ மெல்ல நடந்து போவதுபோல நகர்ந்துகொண்டிருந்தது.

கிணற்றில் வாளி விழுந்தது. கப்பி கிறீச்சிட்டது.

"அன்னம்."

அவர் குரல். பயம் வந்தது. அதையும் மீறிச் சந்தோஷம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கிணற்றுக்கட்டில் இருந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, அன்று காலை போட்டுப்போன அதே சட்டையோடு.

"எங்கையப்பா போனனீங்கள்?"

"கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டில நினைவில்லாமக் கிடந்தனான். நல்ல சனம், வைச்சுப் பாத்தவை. முந்தநாள்தான் கண் முழிச்சனான். உம்மட பேரைச் சொன்னனான். வீட்டை போவம் எண்டு எழும்பேக்க..."

சட்டையைத் திறந்தார்.

நெஞ்சுக்குள் தணல். விலா எலும்புகளுக்கு நடுவே, மூச்சுக்கு மூச்சு சிவந்தது.

"அணைச்சுவிடும்."

ஊற்றினாள். சீறியது. ஆவி. தணல் மங்கியது. மறுபடி சிவந்தது. இன்னொரு வாளி. இன்னொன்று. உள்ளங்கை உரிந்தது. கிணறு அடியில் கலங்கியது.

"இன்னும் கொஞ்சம், அன்னம்" என்றார் அவர், கோபமே இல்லாமல்.