ரவீந்திரன் என்று ஒரு பொய்

“ஐயோ... குடையை மடக்குங்க! கண்ணு போயிடும் போலிருக்கு!”

சௌந்தரம் திடுக்கிட்டுத் திரும்பினாள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் போகும் பஸ். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஓர் இளைஞன், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்தாத கண் சிரித்தது...

“கண்ணு இருந்தா தள்ளி உக்காந்திருக்க மாட்டீங்க?”

“இருந்துது... இப்பத்தான் உங்க குடை குத்திடுச்சே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கடலூரில் டீச்சர் டிரெய்னிங் படித்தாள் அவள். வெள்ளிக்கிழமை தோறும் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போவாள். பஸ் சினிமாக் கொட்டகையைத் தாண்டியபோது, நனைந்து தொங்கிய போஸ்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“கடைசி சீன் மட்டும் பாக்கவே இல்ல... ஆறு மணிக்குள்ள ஹாஸ்டலுக்குத் திரும்பணும்னு எல்லாரையும் எழுப்பிக் கூட்டியாந்துட்டாங்க.”

“நான் முழுசாப் பாத்துட்டேன்” என்றான் அவன்.

“நீங்க படிக்கிறீங்களா?”

அவள் கண்கள் அவனுடைய இஸ்திரி போட்ட சட்டை மேல் இருந்தன. அவனிடம் இருந்த ஒரே நல்ல சட்டை அது.

“ஆமா... எம்.ஏ. அண்ணாமலை நகர்ல. பேரு ரவீந்திரன்.”

“எங்க வீடும் அங்கதாங்க! அப்பா யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கிளார்க்கு.”

அவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

“சரி, கதையைச் சொல்லுங்களேன். ஜெயில்லேருந்து தப்பிச்சவன், செத்துப்போன ஜமீன் புள்ளையோட பேரை வச்சுக்கிட்டு பங்களாவுல நுழையறான். அந்தப் பொண்ணும் அவனை நம்பி ஆசை வச்சுடறா... கடைசியில அவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டாளா?”

மழைத்துளி ஒன்று அவள் இமையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் அடுத்த பொய்யைச் சொன்னான்.

“இல்ல... மன்னிச்சுட்டா. பேருதான் பொய்யி, ஆசை நெசந்தானேன்னு சொல்லிட்டா.”

அவன் பெயர் பூவராகன். தேவனாம்பட்டணம். அப்பா கடலுக்குப் போகிறவர். கொட்டகைக்குக் கொட்டகை படப்பெட்டி கொண்டுபோவதுதான் அவன் வேலை. அந்தப் படத்தின் சுருள்கள் அதே பஸ்ஸின் மேல் தார்ப்பாயால் மூடிய தகரப் பெட்டிக்குள் இருந்தன. சிதம்பரத்தில் அவள் இறங்கி மறையும்வரை காத்திருந்து, அப்புறம்தான் அவன் பெட்டியை இறக்கினான்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறுவான். வகுப்பில் தான் பாடம் நடத்திப் பழகிய கதை, மெஸ் சாம்பார் கதை என்று அவள் பேசப் பேச... வாய் வராது. ஒருநாள் அவள் தலை குனிந்து சொன்னாள்.

“குமராட்சியில எங்க மாமா மவனுக்குக் கேக்கறாங்க. நான் வேணாம்னுட்டேன். நல்லாப் படிச்சவங்களா வந்தா... அப்பா வேற எதையும் பாக்க மாட்டாரு.”

அவள் காதோரம் சிவந்திருந்தது. பூவராகனோ கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மார்கழி லீவில் அம்மா தங்கம்மாளுடன் சௌந்தரம் சிதம்பரத்தில் மாட்டினி பார்க்கப் போனாள். அதே படம், மறுபடி வந்திருந்தது. கடைசி சீனில் அந்தப் பெண் அவனைப் போலீஸிடம் ஒப்படைத்தாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

‘பொய்க்காரர்! வெள்ளிக்கிழமை வரட்டும், பேசிக்கிறேன்...’ சிரித்தபடியே வெளியே வந்தாள்.

“டேய் பூவராகா! புதுப் படத்துப் பெட்டியை மழையிலேயா வப்பே? தூக்குடா உள்ள!” என்று மானேஜர் கத்தினார்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் பெட்டியோடு திரும்பியவன்... ரவீந்திரன்.

இருவர் கண்களும் சந்தித்தன.

“யாருடி அது? உன்னையே பாக்குறான்?” என்றாள் தங்கம்மாள்.

“தெரியாதும்மா.”

அது அவன் காதில் விழுந்தது.

லீவு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“எம் பேரு பூவராகங்க. நான்...”

“உங்க பேரை நான் கேக்கலையே.”

அவ்வளவுதான். அவன் பின்னால் போய்விட்டான். மறுவாரத்திலிருந்து அவள் சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனாள். மாமா மகனைப் பற்றி அம்மா மறுபடி பேச்செடுத்தபோது, “உங்க இஷ்டம்” என்றாள். மாசியில் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

பங்குனியில் படிப்பு முடிந்து, சாமான்களோடு மஞ்சக்குப்பத்தில் நின்றவளை யாரோ தயங்கித் தயங்கி நெருங்கினார்கள். பூவராகன்.

“நல்லாருக்கீங்களா?”

“சித்திரையில கல்யாணம்.”

அவன் தலையசைத்தான்.

“ஒண்ணு கேக்கலாமா? பொட்டி தூக்கறவன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா... பேசியிருப்பீங்களா?”

“மொத நாளா? தெரியல... பேசியிருக்க மாட்டேனோ என்னவோ.” அவள் குரல் இறங்கியது. “அப்பறமாவது சொல்லியிருக்கலாமே... அப்பா கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன். நான் கேக்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

“தப்புத்தான்.”

“என் தப்பும் இருக்கு. கோவம் ஒரு வாரந்தான் இருந்துது. மிச்சமெல்லாம் வீம்பு. அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நான் வந்திருக்கலாம்... வரல.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவள் சாமான்களை மேலே ஏற்றினான். படியில் கால் வைத்தவள் நின்றாள்.

“கல்யாணத்துக்கு அப்பறம் இதைச் சொல்லக் கூடாது... இப்பவே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் புடிச்சிருந்துது. இப்பவும் புடிச்சிருக்கு.”

பூவராகன் ஓரடி முன்னால் வந்தான்.

“எனக்கும்... இதுல பொய் இல்லீங்க.”

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் நகர்ந்தது. சௌந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் இறங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது அவளுக்கு.