சிவப்பு பல்பு அணையும் வரைக்கும்

அந்த அழைப்பிதழ் வந்த நாள்லேர்ந்து எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. காலேஜ் வாசலுக்கு எதிர்ல இருந்த பழைய ரெக்கார்டு கடையை அப்படியே மறுபடி திறக்கிறானாம் வாத்து. "அந்த இனிய நாட்கள் திரும்புகின்றன"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். வாத்து எங்க செட்டுதான், அவன் நடையைப் பார்த்து வச்ச பேரு. இருபத்தெட்டு வருஷம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எனக்கு அழைப்பு அனுப்பினான்?

போனேன். போகாம விடுவேனா?

மத்தியானம் மூணு மணி, மண்டையைப் பொளக்கிற வெயில். கதவைத் தள்ளினதும் அதே வாசனை வந்துச்சு. பழைய அட்டை, தூசி, சூடேறின வயர். முப்பது பேர் இருப்பாங்க, எல்லாம் தொப்பையும் நரையுமா எங்க காலத்து ஆளுங்க. பெட்டியில இருக்கிற இசைத்தட்டுகளை விரலால தள்ளித் தள்ளிப் பார்த்து ஆளாளுக்கு உருகிக்கிட்டு இருந்தாங்க.

"இந்தக் கரகரப்பு இருக்கு பாருங்க, இதுலதான் உயிரே இருக்கு"ன்னு ஒரு பல் டாக்டர் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னார்.

உயிராம்!

பின்பக்கச் சுவரோரமா அந்தக் கூண்டு அப்படியே நின்னுச்சு. வாங்கறதுக்கு முன்னாடி தட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்கிற சின்ன அறை. ஒரு ஆள் உட்காரலாம். சத்தம் வெளிய வராம இருக்க சுவர், கதவு எல்லாம் தடியா தக்கை ஒட்டியிருக்கும். ஜன்னல் கிடையாது. கதவுக்கு மேல ஒரு சிவப்பு பல்பு. உள்ள தட்டு சுத்துற வரைக்கும் அது எரியும். ஒரு பக்கம் முடிஞ்சு ஊசி தானா திரும்பினா அணைஞ்சிடும்.

அந்தக் கூண்டை வச்சு எங்க செட்டு ஒரு விளையாட்டு வச்சிருந்துச்சு. கடையில பாட்டு ஓடும்போது எவனாவது வாயைத் திறந்தா தண்டனை. ஒரு பக்கம் முழுக்கக் கூண்டுக்குள்ள. வெளிய கொண்டி போட்டுடுவோம். பல்பு அணைஞ்சாதான் திறப்போம். உள் சுவர்ல பென்சிலால பேரை எழுதி, போன நேரம், வந்த நேரம் ரெண்டையும் போடணும். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே விட்டுடுவார்.

என் தங்கச்சிக்கு வாய் ஓயாது. என்னைவிட ஒரு வயசு சின்னவ, அதே காலேஜ். எல்லாருக்கும் அவ சிட்டு.

அன்னிக்கும் பேசினா. வாத்து கொண்டியைப் போட்டான்.

அவ போட்ட தட்டுல கீறல் இருந்திருக்கு. ஊசி ஒரே இடத்துல மாட்டிக்கிச்சு. பக்கம் முடியவே இல்ல, பல்பு அணையவே இல்ல. பாட்டு எங்களுக்குக் கேக்காது. கதவைத் தட்டுற சத்தம் மட்டும் லேசா வந்துச்சு. டொக். டொக் டொக். டொக். டொக் டொக்.

"தாளம் போடுறா பாரு!"ன்னு ஒரு குரல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

பல்பு எரியுதே, இன்னும் பக்கம் முடியலன்னு நினைச்சு டீ குடிக்கப் போனோம். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆச்சு. அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. மருந்து அவ பையில இருந்துச்சு. பை கவுண்டர் மேல இருந்துச்சு.

"அவளே உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்டா சார்"னு வாத்து போலீஸ்கிட்ட சொன்னான். பச்சைப் பொய்! எங்கம்மா அதை நம்பினாங்க. "ஏண்டி பாவி உள்ள பூட்டிக்கிட்ட"ன்னு செத்தவளைத் திட்டித் திட்டியே அவங்களும் போய்ச் சேர்ந்தாங்க.

அதுக்குத்தான் நான் வந்தேன். இத்தனை பேர் முன்னாடி உண்மை அவன் வாயால வரணும்.

"வந்துட்டியா!"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வந்தான். "சிட்டு இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா!"

அவன் கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன். அதுக்குள்ள கவுண்டர்ல ஓடிக்கிட்டிருந்த தட்டு முடிஞ்சுது. பாட்டு நின்னு, வெறும் கரகரப்பு.

அதுக்குள்ளேர்ந்து, டொக். டொக் டொக்.

"ஆஹா, பழைய தட்டுன்னா இப்படித்தான்"னு பல் டாக்டர் பூரிச்சுப் போனார்.

வாத்து மூஞ்சி வெளுத்துச்சு. என் காதுக்கிட்ட வந்தான்.

"எல்லாத் தட்டுலயும் வருது. இப்பதான் உறை பிரிச்ச புதுத் தட்டுலயும் வருது. உனக்கும் கேக்குதா?"

"உள்ள போய்க் கேளு. நல்லாக் கேக்கும்."

"விளையாடாத."

"ஏன், கொண்டியைத்தான் கழட்டிட்டியே. என்ன பயம்?"

கதவுல நாலு ஆணி ஓட்டைதான் மிச்சம் இருந்துச்சு. நாங்க பேசறதைக் கேட்டு கூட்டம் கைதட்டுச்சு. முதல் பக்கத்தை ஓனர்தான் கேக்கணும்னு அவனை உள்ள தள்ளினாங்க. இளிச்சுக்கிட்டே போனான். கதவு மூடுச்சு. பல்பு எரிஞ்சுது.

அரை மணி நேரம் ஆச்சு. பல்பு அணையல.

தட்டுற சத்தம் ஆரம்பிச்சுது.

"தாளம் போடுறார் பாருங்க!"ன்னு யாரோ சொன்னாங்க. முப்பது பேரும் சேர்ந்து கைதட்ட ஆரம்பிச்சாங்க. ஓடிப்போய் கதவை இழுத்தேன். வரல. அந்த நாலு ஓட்டை மேல கையை வச்சேன்.

விரலுக்குக் கொண்டி தட்டுப்பட்டுச்சு.

கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா சில்லுன்னு இரும்பு, போட்டபடி கையில இருந்துச்சு.

தூக்கியிருக்கலாம். தூக்கல. சாகட்டும் சனியன்னு நின்னேன். மறைக்க என்ன இருக்கு?

தக்கைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்தாங்க. விசில் மாதிரி மெல்லிசா இழுக்குற மூச்சு. வாத்துக்கு இழுப்பு கிடையாது.

அப்புறம் கடையோட ஸ்பீக்கர்ல அவன் குரல் வந்துச்சு. கவுண்டர்ல தட்டு நின்னிருந்துச்சு, ஊசி அதோட இடத்துல படுத்திருந்துச்சு.

"நான்தான் போட்டேன்! வெளிய கொண்டி நான்தான் போட்டேன்! அவ உள்ள தாழ் போடல!"

கைதட்டல் நின்னுது. பல் டாக்டர் வாயைப் பொளந்து நின்னார். என் விரலுக்கடியில கொண்டி தானா மேல போச்சு. பல்பு அணைஞ்சுது. உதடெல்லாம் நீலம் பாரிச்சு வாத்து வெளிய வந்து விழுந்தான்.

வந்த காரியம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவன் தரையில கிடந்தபடியே என்னை நிமிந்து பார்த்தான்.

"அவ கேக்கறா," கிசுகிசுத்தான். "தாளம் போடுறான்னு சொன்னது யாருன்னு கேக்கறா."

நான்தான்.

இவ்வளவு நேரம் உங்ககிட்டயும் ஒரு குரல்னு மழுப்பிட்டேன். அந்தப் பை என் முழங்கை பக்கத்துலதான் இருந்துச்சு. அவன் பொய் சொன்னப்போ பக்கத்துல நின்னு தலையாட்டினதும் நான்தான். அம்மா அவளைத் திட்டினப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தவளும் நான்தான். இதை அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி, கத்திச் சொன்னேன்.

கூண்டுக்குள்ள எட்டிப் பார்த்தேன். சுவர்ல மங்கலா பழைய பென்சில் எழுத்து. 'சிட்டு, 3.10.' வந்த நேரம் போட வேண்டிய இடம் காலி. அதுக்குக் கீழ புதுசா 'வாத்து, 3.40 – 4.25.' அவன் கையில பென்சிலே இல்ல.

அதுக்கும் கீழ, சாய்ச்சுச் சாய்ச்சு எழுதுற அவ கையெழுத்துல ஒரே ஒரு வார்த்தை.

'அக்கா.'

பக்கத்துல நேரம் எதுவும் இல்ல.

மறுநாளே வாத்து கடையை மூடிட்டான், கரண்டையும் வெட்டிட்டான். ஆனா ஷட்டர் இடுக்குல பகல்லயே சிவப்பா வெளிச்சம் தெரியுதுன்னு எதிர்க் கடை டீக்காரர் சொல்றார். சாவியைக் கேட்டேன். வாத்து என் கையில கொடுத்தான்.

நாளைக்கு மூணு பத்துக்குப் போறேன். அம்மா பத்திரமா வச்சிருந்த அவளோட பையைத் தேடி எடுத்துட்டேன். புது மருந்து வாங்கி உள்ள வச்சிருக்கேன்.