எட்டாம் எண்ணருகே ஒரு கீறல்

முப்பது ஆண்டு நட்பின் விலை நாலாயிரத்து இருநூறு டாலர். அந்த விலைக்குத்தான் கிளைவ் ஹாலிடன் தன் நண்பனை விற்றிருந்தார். விற்றது தெரியாமல், அதற்கு ரசீது கேட்டு யூனா மேடர்னின் சமையலறையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

யூனா, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர அடகுக் கடைகளைச் சோதிக்கும் அரசு வேலையில் தலை நரைத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் மோசடிகளைத் துப்பறியச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாராவது வந்தால் போதும், பக்கத்து வீட்டு டெஸ் வேலியைத் தாண்டி வந்துவிடுவார். படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். துப்பறிவது அதைவிடச் சுவையான வேலை என்று காலம் கடந்து கண்டுகொண்டவர்.

"வாட்ச் கிளப்புச் செயலாளர் நான்," என்று கிளைவ் ஆரம்பித்தார். "இணையத்துல பழைய வாட்ச் வாங்கறப்போ மோசக்காரனை எப்படி அடையாளம் காணறதுன்னு, புதுசா சேர்றவங்களுக்கு வகுப்பெடுக்கறவனும் நான்தான்."

"வாத்தியாரே மாட்டிக்கிட்டாராக்கும்," என்றார் டெஸ், ரொட்டியை மென்றபடி.

கிளைவின் காது சிவந்தது. செல்போனை மேசைமேல் வைத்தார். லான்செஸ்டன் நகரில் ஒரு விதவை, இறந்த கணவரின் வாட்சை, கடலில் மூழ்குபவர்கள் கட்டும் அறுபதுகளின் டைவர் வாட்சை, ஆறாயிரத்துக்கு விற்பதாக விளம்பரம் போட்டிருந்தாள். சந்தையில் அது பதினைந்தாயிரம் போகும். கிளைவ் பேரத்தை நாலாயிரத்து இருநூறில் முடித்து, விற்பனைத் தளத்தை ஒதுக்கிவிட்டு நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினார். வாட்ச் வரவில்லை. அதன்பின் விதவையும் இல்லை.

"இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும். நெவில் பரிட்ஜ். எங்க பொருளாளர், என் முப்பது வருஷக் கூட்டாளி. படத்தைப் பாருங்க. எட்டாம் எண்ணுக்குப் பக்கத்துல கண்ணாடியில கீறல் இருக்கா? அது நெவிலோட வாட்ச். எனக்குத் தெரியாதா? போன வருஷம் அதைப் பிரிச்சுத் துடைச்சு, எண்ணெய் விட்டு, கண்ணாடி மாத்திக் கொடுத்தவனே நான்தான். அவன் திருடன்னு கிளப்போட இணையப் பக்கத்துல எழுதிட்டேன். வியாழக்கிழமை கூட்டத்துல வெளியே அனுப்பறோம். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொன்னா பலமா இருக்கும்."

யூனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கட்டம் போட்ட மேசைவிரிப்பு. அதன்மேல் வாட்ச். பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு. பொருள் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று காட்ட விற்பவர்கள் வைக்கிற வழக்கமான சீட்டு. வாட்சின் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. மூலை மடங்கி எழும்பி நின்ற சீட்டுக்கு நிழலே இல்லை.

"நெவில் இந்த வாட்சை எங்கயாவது படம் போட்டிருக்காரா?"

"வெள்ளிக்கிழமை ஆனா எல்லாரும் அன்னிக்குக் கட்டப்போற வாட்சைப் படம் பிடிச்சு கிளப் பக்கத்துல போடுவோம். அது எங்க பழக்கம். யார் வேணா பாக்கலாம்."

பிறகு யூனா செய்திகளைப் படித்தார். விதவை ஆறாயிரம் கேட்டிருந்தாள். அதற்கடுத்த செய்தியும் அவளுடையதே: 'டயல் பிற்காலத்தில் மறுபடி பூசப்பட்டது என்று என் கணவர் சொல்லவே இல்லை. அப்படியானால் நாலாயிரத்து இருநூறு போதும். உங்கள் நேர்மைக்கு நன்றி.' யூனா அதை இரண்டு முறை படித்தார்.

"வர்றேன்," என்றார்.

வியாழக்கிழமை மாலை, மூனா என்ற புறநகரில் மதுக்கடைக்கு மேலிருந்த மாடி அறையில் கிளப் கூடியது. ஜன்னலோரம் நெவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

"நெவில், கையில இருக்கற அந்த வாட்சைக் கொஞ்சம் கழட்டித் தாங்க," என்றார் யூனா.

டெஸ் அதைத் தட்டில் ஏந்தாத குறையாக ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். கண்ணாடி பளிங்குபோல் இருந்தது. கீறல் எங்கும் இல்லை.

"கீறல் பழைய கண்ணாடியில இருந்தது," என்றார் யூனா. "அதைப் போன வருஷம் மாத்தியாச்சு. யார் மாத்தினது, கிளைவ்?"

கிளைவ் தரையைப் பார்த்தார். "நான்தான்."

"அப்ப விளம்பரத்துல இருக்கறது அதுக்கும் முந்தின படம். வாட்சைக் கையில வச்சிருக்கறவருக்குப் பழைய படம் எதுக்கு? படத்துல அப்புறமா ஒட்டின, நிழலே விழாத சீட்டு எதுக்கு? முகம் தெரியாத எவனோ உங்க வெள்ளிக்கிழமைப் படங்கள்ல ஒண்ணை எடுத்துக்கிட்டான்."

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின படம், அதே மேசைவிரிப்பு. தேடிப் பிடிச்சது நான்," என்றார் டெஸ். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஒண்ணு மட்டும் விளங்கல யூனா. வகுப்பெடுக்கற மனுஷன் இதையெல்லாம் எப்படிப் பாக்காம விட்டாரு?"

யூனா கிளைவின் பக்கம் திரும்பினார். "விதவை ரெண்டு தடவை அடுத்தடுத்து எழுதியிருக்கா. ரெண்டாவது ஒரு பதில். எதுக்குப் பதில்? நடுவுல ஒரு செய்தி அழிஞ்சிருக்கு. நீங்களே சொல்றீங்களா கிளைவ், இல்ல நான் சொல்லட்டுமா?"

கீழே மதுக்கடையில் யாரோ சிரித்தார்கள். அது அடங்கும்வரை கிளைவ் காத்திருந்தார்.

"டயல் மறுபடி பூசினது, பெருசா விலை போகாதுன்னு எழுதினேன். அசல் டயல்தான். எனக்குத் தெரியும். அப்புறம் அதை அழிச்சுட்டேன்."

ஒருவர் இருமினார்.

"அந்த மோசக்காரன் இவரை நம்ப வைக்கவே இல்ல," என்றார் யூனா. "ஒரு விதவையை இவர் ஏமாத்தறதா நினைக்க விட்டான், அவ்வளவுதான். அதுக்கப்புறம் இவர் படத்தை எங்க பாத்தாரு, லாபத்தைத்தான் பாத்தாரு. இன்னொருத்தன் கண்ல படறதுக்குள்ள முடிக்கணும்னுதான் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினாரு."

"அப்ப கிளைவ் என்னை ஏன் இதுல இழுத்தான்?" நெவில் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தார்.

"நண்பன் திருடினான்னா அது துரோகம், எல்லாரும் இவருக்காகப் பரிதாபப்படுவாங்க. எவனோ ஏமாத்தினான்னா, எப்படி ஏமாந்தேன்னு இவர் சொல்லியாகணும். பணம் போனப்புறம் கீறலைப் பாத்ததும் இவருக்கு அது வசதியாப் போச்சு. கண்ணாடி மாத்தினதை மறந்துட்டாருன்னே வச்சுக்குவோம்."

கிளைவ் எழுந்து ஜன்னலோரம் போனார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "தப்பு பூரா என்மேலதான்டா. மன்னிச்சுடு. இவங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

நெவில் வாட்சை வாங்கி, நிதானமாக மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

"நான் திருடன்னு நீ எழுதினதைப் படிச்சவங்க நூத்திப் பதினோரு பேர்டா. நீ எழுதினதுக்குக் கீழயே எண்ணிக்கை காட்டுது, தினம் பாக்கறேன். இப்ப நீ சொன்னதைக் கேட்டவங்க, என் எண்ணிக்கைல, பதினாலு." அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். "மிச்சம் தொண்ணூத்தேழு."