பிணைக்கு நின்ற தோழன்

மேற்கே கதிரவன் செம்பொன்னை உருக்கி ஊற்ற, கிழக்கே முழுமதி வெள்ளித்தட்டென எழ, இரண்டையும் ஏந்தி வெள்ளாறு தளும்பி ஓடிய அந்த அந்தி வேளையில், அன்புள்ள வாசகர்களே, வேங்கைக்கோட்டை வாசலில் ஒரு மாபெரும் வீரச்செயல் நிகழவிருந்தது. காவல் தலைவர் பரபயங்கர மாவலிராயர் காலையிலேயே அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். கட்டுவதற்குக் கயிறு, நேரில் காண நியாயத்தார், 'கடும்போர் புரிந்து கயவனைப் பிடித்தான்' என்று முடியும் பாட்டோடு ஒரு புலவர், எல்லாம் தயார்.

கயவனைத் தயாரிப்பது மட்டும் கூலி ஒற்றன் சாத்தன் அரங்கனின் பொறுப்பு.

குடித்துவிட்டுக் குதிரையேறி வருபவனிடம் தாயில்லாப் பிள்ளையை விட்டுவைக்கலாகாது என்பது கோட்டைச் சட்டம். குதிரைப்படைத் தலைவன் பூதன் கண்டனின் தாயில்லாச் சிறு மகளை வளர்க்கும் உரிமைமீதும், அவள் பேரிலிருந்த நிலத்தின்மீதும் அவன் மைத்துனருக்கு ஆசை; அவருக்குத் துணைபோன மாவலிராயருக்கோ புகழ்மீது ஆசை. கண்டனோ மதுவைத் தொடாதவன். ஆகவே, போரில் மாண்ட அவன் தம்பிக்குத் தோழன் என்று சொல்லிக்கொண்டு ஆற்றங்கரைச் சத்திரத்தில் வந்தமர்ந்தான் அரங்கன்.

"தம்பியின் பெயரால் ஒரே ஒரு குவளை, ஐயா!"

நான்காவது குவளையில் கண்டன் விம்மி அழுதான். அரங்கனே அவனைக் குதிரையில் ஏற்றிப் பின்னால் நடந்தான்.

வாசலில் குதிரை தானே நின்றது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்டன் உறங்கினான். கடும்போர் அவ்வளவுதான்.

"பிடியுங்கள் இந்தப் பாதகனை!" என்று முழங்கி, மாவலிராயர் வராத வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நியாயத்தார் முறைப்படி கேட்டார்: "பூதன் கண்டரே, உமக்குப் பிணை நிற்பவர் உண்டா? நிற்பவர் இவ்வாளைத் தொட்டு மெய்ப்பெயர் சொல்லவேண்டும்."

கண்டன் கண்விழித்தான். கூட்டத்தில் தேடினான். முகம் மலர்ந்தது.

"அதோ! என் தம்பியோடு ஒரே கலத்தில் உண்டவர். அவர் நிற்பார்."

எத்தனையோ வாள்களைத் தொட்டுப் பொய் சொன்ன அரங்கன் முன்வந்து அந்த வாளையும் தொட்டான்.

"என் பெயர் சாத்தன் அரங்கன். கூலி ஒற்றன். இவரைக் குடிக்க வைத்தவன் நான். ஏவியவர் இவர் மைத்துனர். கயிற்றோடு காத்திருந்தவர் இந்த மாவலிராயர்."

மாவலிராயர் வாய் பிளந்தார். "பாட்டை மாற்றட்டுமா, பிரபு?" என்று புலவர் கிசுகிசுத்தார்.

"கயிறு வீணாக வேண்டாம்," என்றார் நியாயத்தார், மாவலிராயரைப் பார்த்து. "குழந்தை தந்தையிடமே இருக்கட்டும்."

விடுபட்ட கண்டன் மகிழவில்லை. தள்ளாடி அரங்கன் அருகில் வந்தான்.

"சாகும்போது தம்பி என் பெயரைச் சொன்னான் என்றீரே... அதுவும் பொய்யா?"

அரங்கன் தலையை நிமிர்த்தவில்லை.

"அதுவும்தான், ஐயா."