கூறைப்புடவை கட்டிய ரைஃபிள்

"கரையான்..!"

ரேணுகா போட்ட அலறலில், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடிவந்தான் அவள் புருஷன் தாண்டவராயன்.

நிலைவாசலில் விரல் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருந்தது.

"இன்னாடி இது? எப்போலேர்ந்து கீது?"

"இப்பதாங்க பாத்தேன். கொட்டாய்லயும் கீது, வெறகு மேலயும் கீது. எதிர்வூட்ல கட்டிலையே தின்னுட்டுச்சாம். மரம்னு எது கெடச்சாலும் வுடலியாம்."

மரம்..!

தாண்டவராயனின் முகம் செத்துப் போனது.

ரேணுகா ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

அவள் சொன்னதெல்லாம் பச்சைப் பொய். வேப்பமரத்தடிப் புற்றிலிருந்து மண் எடுத்து, குழைத்து, நிலைவாசலில் இழுத்துவிட்டதே அவள்தான். வீட்டில் ஒரு கரையான்கூடக் கிடையாது.

எல்லாம் தம்பி அரவிந்தனுக்காக!

போன வருஷம் வயல் வரப்பில் குண்டடி பட்டுச் செத்துக் கிடந்தான் அரவிந்தன். மான் வேட்டையாடும் மாமன் தாண்டவராயனைப் பற்றிப் போலீசில் சொல்லிவிடுவேன் என்று வாய்விட்டவன். உடம்பிலிருந்து குண்டு கிடைத்தது. சுட்ட ரைஃபிள் கிடைக்கவில்லை. தாண்டவராயனோ முந்தின வாரமே தன் ரைஃபிள் திருடு போய்விட்டதாகப் புகார் கொடுத்து வைத்திருந்தான். கில்லாடி!

உத்திரமேரூர் ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள். கோடையில் தண்ணீர் வற்றியபோதும் தேடினார்கள். சேறுதான் மிச்சம்.

ரேணுகா மட்டும் நம்பவில்லை. அந்த ரைஃபிளை அவன் எறிந்திருக்க மாட்டான். அவனுக்கு மனசு வராது.

தாத்தா காலத்து ஜெர்மன் ரைஃபிள் அது. தோளில் பதியும் அடிக்கட்டையிலிருந்து குழல் நுனிவரைக்கும் மரம் ஓடும். உச்சி வெயிலிலும் பிடித்த கை சுடாது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்தே அந்த மரத்தில் முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தான் தாண்டவராயன். பிள்ளையைப் போல் மடியில் போட்டுக்கொள்வான். வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு.

"பாதிக் கட்டை வெச்ச துப்பாக்கி, சொக்கா போட்டுக்கினு வேட்டி இல்லாம நிக்கிறவன் மாரி. இதுதான் முயுசா உடுத்திக்கினு கீது!"

கொலை நடந்த மறுநாள், பீரோவிலிருந்து ரேணுகாவின் கூறைப்புடவை காணாமல் போயிருந்தது. அன்றைக்கே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏரியில் எறிகிற பொருளுக்கு எவனாவது பட்டுப்புடவை சுற்றுவானா?

இன்ஸ்பெக்டர் வேதகிரியிடம் போய்ச் சொன்னாள். எங்கே ஒளித்திருக்கிறான் என்று தெரியவில்லையே என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அவரே காட்டுவாரு சார். நீங்க எதிர்வூட்டு மாட்டுக் கொட்டாய்ல வந்து குந்திக்கினு இருங்க, போதும்."

இப்போது...

"நீ இங்கியே இரு. டவுனுக்குப் போயி மருந்து வாங்கினு வரேன்" என்றான் தாண்டவராயன்.

சொல்லிவிட்டுப் புறக்கடை வழியாகப் போனான். பைக் வாசலிலேயே நின்றது.

எதிர்வீட்டுக் கொட்டாயைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, ரேணுகா பூனை நடையில் பின்தொடர்ந்தாள்.

களத்து மேட்டில் வைக்கோல் போர். பின்பக்கம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அடி வைக்கோலைப் பிடுங்கி எறிந்தான். மண்ணைப் பறித்தான். நீளமாய் ஒரு மூட்டை வெளியே வந்தது.

அரக்குச் சிவப்புப் பட்டு. மாம்பழ நிறக் கரை.

"என் கூறப்பொடவ..."

திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் விரல் நகங்களில் காய்ந்திருந்த புற்று மண் அவன் கண்ணில் பட்டது.

"நீதான் ஒட்டுனியா?"

"ஆமா. நான்தான்."

"மோப்பம் புடிக்கிறதுல அப்டியே உன் தம்பிதான்! அவன அனுப்ன எடத்துக்கே நீயும் போ!"

பட்டைக் கிழித்தெறிந்தான். ரைஃபிளைத் தோளில் வைத்தான். முனை நேராக அவள் மார்பைப் பார்த்தது.

ரேணுகா நகரவில்லை. தம்பியும் இப்படித்தானே நின்றிருப்பான் என்று நினைத்தாள்.

பொரபொரவென்று ஒரு சத்தம்.

தாங்கிப் பிடித்த இடது கைக்குள் மரம் மாவாய் உதிர்ந்தது! அடிக்கட்டை முறிந்து காலடியில் விழுந்தது. வெறும் இரும்புக் குழாய் கையில் தொங்க, வெள்ளை வெள்ளையாய்க் கரையான்கள் அவன் முழங்கை வரை ஏறின.

நிஜக் கரையான்கள்!

போலீசுக்குப் பயந்து ஒரு வருஷமாய் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. அவை போயிருந்தன.

தாண்டவராயன் அவளை மறந்தான். மண்ணில் உட்கார்ந்து, உதிர்ந்த மரத்தூளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு கேவிக் கேவி அழுதான். மச்சினன் பிணத்துக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்!

ரேணுகா கண் குளிர அதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்றிருந்தது.

போரைச் சுற்றிக்கொண்டு வேதகிரி இரண்டு போலீஸ்காரர்களோடு ஓடிவந்தார். குழாயைக் கைக்குட்டையால் வாங்கிக்கொண்டார்.

"கட்ட போச்சே சார்... மொத்தமும் போச்சே..." என்றான் தாண்டவராயன்.

"குண்டு வந்தது கொழாயிலேர்ந்துதானே? எங்களுக்கு அது போதும்."

விலங்கு மாட்டினார்கள். வேதகிரி ரேணுகாவிடம் திரும்பி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

புடவைக் கிழிசலைப் பொறுக்கி உதறிக்கொண்டே அவள் சொன்னாள்.

"கட்டுன புருஷன்கிட்ட கரையான் வந்துச்சுன்னு பொய் சொல்லிட்டமேன்னு அப்போலேர்ந்து ஒரே உறுத்தலா இருந்துச்சு சார். நல்லவேள... பொய்யில்ல!"