உஷாராணி ஏறாத கார்

பதினாறாம் நாள் படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தபோது உஷாராணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தம் அல்ல. சமையலறையை ஒட்டியிருந்த கார் கொட்டகையிலிருந்து வந்தது. அவளுக்குத் தெரியாத சத்தமா அது? செத்துப்போன புருஷன் சத்தியசீலன் ஞாயிறு தவறாமல் தன் பழைய மோரிஸ் மைனர் காரில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். பெட்ரோல் நிறைந்ததும் நிற்கும். அதன் பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்து இஞ்சினைக் கிளப்புவார். ஆனால் பேட்டரியை அவளே ஆள் வைத்துக் கழற்றி, சுவரோரம் போட்டாயிற்றே.

அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. பின்தெருவில் கூட்டை விற்பதற்காகக் குருவி வளர்க்கிற கட்டடத்தின் ஒலிபெருக்கி, குருவிகளைக் கூப்பிட்டு விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. சனியன், செத்தும் காதைத் தின்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு வடைத் தட்டைத் தூக்கினாள்.

கூடத்தில் புகழ்மாலை நடந்துகொண்டிருந்தது. செம்பனை ஆலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த புனிதன் மூக்கைச் சிந்தினான்.

"சத்தியா சார் மாதிரி ஒரு இன்ஜினியர் இனிமே கெடைக்க மாட்டாரு லா. பாய்லர் நின்னுச்சின்னா வீட்டுக்கே போவ மாட்டாரு. அங்கயே துண்ட விரிச்சிப் படுத்துக்குவாரு."

போக மாட்டார்தான். வீட்டில் ஒருத்தி சோற்றை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அதை இந்தக் கூமுட்டைக்கு யார் சொல்வது? தோட்டத்து லயத்தில் பிறந்தாராம், ரப்பர் பால் வெட்டின அம்மாவுக்குக் கல் வீடு கட்டிக் கொடுத்தாராம், இயந்திரத்தின் மேல் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாராம். அடேங்கப்பா! பொண்டாட்டிக்கு என்ன கோளாறு என்று ஒரு நாளாவது காது கொடுத்ததுண்டா?

அந்தக் கார் ஒன்று போதும், மனுஷனின் லட்சணத்தைச் சொல்ல. வெள்ளைக்காரத் துரை தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன குப்பை அது. கோழி அடைந்து, எச்சம் காய்ந்து கிடந்ததைக் கல்யாணமான புதிதில் லோரி வைத்து இழுத்துவந்தார். ஊரெல்லாம் புருஷனும் பொண்டாட்டியும் பினாங்கு, லங்காவி என்று போய்வந்த காலத்தில் இவர் அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தார். அது ஓடத் தொடங்கியதும் இன்னொரு கூத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்பி, இடது பக்கக் கதவைத் திறந்துவைத்து, மெதுவாக இரண்டு ஹார்ன் அடிப்பார். அவள் வந்து ஏற வேண்டுமாம்.

"இந்தப் பாடையில நான் ஏறவே மாட்டேன்" என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்துவாள். கோபமாவது பட்டாரா? அதுவும் கிடையாது. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு, தனியாகப் பாசிர் பெனம்பாங் மீன்பிடிக் கிராமத்துக்குப் போய் மீன் வாங்கி வருவார். அடுத்த ஞாயிறும் அதே கதவு, அதே ஹார்ன். கடைசி ஞாயிறு வரைக்கும் அடித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவள் அடியோடு வெறுத்தாள்.

நாளையோடு எல்லாம் ஒழிந்தது. சபாக்கிலிருந்து பழைய கார் வாங்குகிற ஒருவன் வந்து காரை இழுத்துப் போகிறான். அவள் பெட்டி கட்டியாயிற்று. மகள் நித்தியா வீட்டில், ரவாங்கில், அவளுக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரயில் போவது தெரியுமாம். கிரீஸ் வாடை இல்லாத அறை. அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு லேசானது. இனிமேல்தான் அவள் வாழப்போகிறாள்.

"தம்பிக்கு வீட்டவிட கொட்டகைதான் வீடு. அங்கயே படைப்போம்" என்று சொல்லிவிட்டாள் சத்தியசீலனின் அக்கா திலகம். அவர்கள் குடும்பத்து வழக்கம் ஒன்று உண்டு. படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே போகிற வழியின் இரண்டு பக்கமும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். செத்தவர் சாப்பிட்டுவிட்டு அந்த வழியாகப் போவாராம்.

"என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. தெரிஞ்சவங்க கொரல்லயே கூப்புடும். திரும்பிட்டா அவனால போவ முடியாது" என்றாள் திலகம். "உஷா, ஒனக்குப் புடிச்சத எடுத்துக்கிட்டுப் போய்ச் சேருன்னு நீதாம்மா சொல்லணும். பொண்டாட்டி வாயால சொன்னாத்தான் அவன் கெளம்புவான்."

இந்தக் கேலிக்கூத்தையும் செய்து தொலைப்போம். காருக்கு முன்னால் விரித்த தலைவாழை இலையில் கோழிப் பெரட்டலும் வடையும் கோப்பியும் இருந்தன. உஷாராணி கார்ச் சாவியைச் சோற்றுக்குப் பக்கத்தில் விட்டெறிந்தாள். "இந்தாங்க. இந்த வீட்டுல ஒங்களுக்கு எது ரொம்பப் புடிக்குமோ அத எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

சொன்ன விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. நித்தியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஓதி முடிந்து, வானம் செம்பனைகளுக்குப் பின்னால் கறுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் இரண்டு வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள். உஷாராணி சமையலறைப் பக்கம் ஒதுங்கி, சுவரில் சாய்ந்தாள். அப்போது அந்தச் சுவர் வழியாக, முதுகெலும்பிலேயே தட்டுகிற மாதிரி, மறுபடியும் அது தொடங்கியது.

டிக். டிக். டிக். டிக்.

செல்வா! வேறு யார்? அண்ணன் காரை விற்காதீங்க அண்ணி என்று மூன்று நாளாகக் காலைச் சுற்றிய கொழுந்தன். பேட்டரியை மாட்டி, ஊரைக் கூட்டி நாடகம் போடுகிறான். அவளுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. யாரும் பார்க்காத நேரம், சமையலறையிலிருந்து கொட்டகைக்குள் போகிற சிறிய கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

"செல்வா, வெளிய வா!"

யாரும் இல்லை. காமாட்சி விளக்கு அசையாமல் எரிந்தது. கற்பூரமும் பெட்ரோலும் பழைய தோல் இருக்கையின் புழுங்கிய வாடையும் கலந்து தொண்டையை அடைத்தன. பேட்டரி அவள் போட்ட இடத்திலேயே, சுவரோரம், தூசியோடு கிடந்தது. இலை மடித்திருந்தது. துக்க வீட்டில் மடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கமாக அல்ல, கல்யாண வீட்டில் வயிறு நிறைந்தவன் மடிக்கிற மாதிரி தன் பக்கமாக. சாவி இலையில் இல்லை.

சாவி காரில் இருந்தது. திருப்பி வைத்திருந்தது.

பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். அது சூடாக இருந்தது. கையில் சாவி. ஆனாலும் பம்பு அடித்தது.

டிக். டிக். டிக்.

பிறகு நின்றது.

அதற்கப்புறம் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் தொடாத குமிழ் மெல்ல வெளியே வந்தது. இஞ்சின் ஒரு தடவை இருமியது. உறுமியது. இடது பக்கக் கதவு திறந்துகொண்டது.

மெதுவாக, இரண்டு ஹார்ன்.

"வர மாட்டேன்" என்றாள். சிறிய கதவுக்கு ஓடினாள். கைப்பிடி முழுக்கக் கறுப்புக் கிரீஸ். பிடித்தாள். வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்தாள். வழுக்கியது. பின்னால் யாரோ சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

எப்படி ஏறினாள்? தெரியாது. முதுகுக்குக் கீழே இருக்கை. பக்கத்து இருக்கை அமுங்கியிருந்தது. அங்கே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. அவள் முழங்கால்மேல் ஒரு கை இருந்தது, நகத்திடுக்கெல்லாம் கறுப்பு, அவ்வளவு பத்திரமாக, அவ்வளவு ஆசையாக. உஷாராணி அந்தக் கைக்கடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். கதவைத் தேடினாள். பிடி அசையவில்லை.

கொட்டகைக் கதவு திறந்தது.

இரண்டு பக்கமும் முதுகுகள். புனிதனின் முதுகு. செல்வாவின் முதுகு. கார் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது.

"போறான். என் தம்பி போறான். யாரும் திரும்பாதீங்க" என்று திலகம் விம்மினாள்.

உஷாராணி கண்ணாடியை அறைந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நித்தியா நின்றாள். "நித்தியா! அம்மாடி! நான்தான்டி! திரும்பிப் பாருடி!"

நித்தியாவின் தோள் துள்ளியது. தலை ஒரு நூல் திரும்பியது. பிறகு அவள் கண்களை இறுக மூடி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்துப் போங்கப்பா" என்றாள்.